அனர்த்த காலத்தில் இடைத்தங்கல் முகாம்களில் தொண்டர் பணி

மாணவர்களே, "வெள்ளத்தினால் இடம்பெயர்ந்து பாடசாலையொன்றில் தங்கியிருப்போருக்கு இளைஞர் எவ்வாறு உதவலாம்?" என்ற வகையான வினாவுக்குப் பலரும் எழுதும் விடை "உணவும் உடையும் வழங்கலாம்" என்பதாகும். இது பிழையான விடையன்று. ஆயினும் ஒரு புள்ளிக்கு மேல் பெறாது. சோற்றுப் பார்சல்கள் பெரும்பாலும் எங்கிருந்தாவது வந்துவிடும். யாருக்கு எது தேவை என அறிந்து கொடுக்கத்தான் ஆளிராது. தொண்டரின் பணி அங்கேதான் தொடங்குகின்றது.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது நடைபெற்றுக்கொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டது. இத்தகைய வேளைகளில் பாடசாலைகளும் கோவில் மண்டபங்களுமே முகாம்களாகின்றன. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை விடையில் குறிப்பிடுங்கள். பிரதேச மட்டத்தில் பிரதேச செயலாளரும் கிராம உத்தியோகத்தருமே நிவாரணத்தை ஒழுங்குபடுத்துவர். எனவே தொண்டர் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117 ஆகும்.

முகாமில் முதற் பணி பதிவேடு ஆகும். ஒரு சி.ஆர். கொப்பி போதும். குடும்பத் தலைவரின் பெயர், அங்கத்தவர் தொகை, வயது என்பவற்றுடன் கைக்குழந்தை, கர்ப்பிணித் தாய், மாற்றுத்திறனாளி உள்ளனரா எனவும் எழுத வேண்டும். அதைவிட முக்கியமானது மருந்து. இன்சுலின் ஏற்றுபவரும் பிரஷர் குளிசை பாவிப்பவரும் அவற்றை வீட்டில் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பர். பலர் கேட்டால் மட்டுமே சொல்வர். காணாமற்போனவரைத் தேடி வரும் உறவினருக்கும் இப்பதிவேடே வழிகாட்டும். அதைப் படம் பிடித்து இணையத்தில் இடுவதும், அழும் பிள்ளைகளைப் படமெடுப்பதும் தகாது. அவர்கள் வீட்டைத்தான் இழந்துள்ளனர், மானத்தையல்ல.

அடுத்தது நீரும் மலசலகூடமும். 'ஸ்பியர்' எனும் சர்வதேச மனிதாபிமான நியமங்களின்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீரும், தங்குவதற்கு 3.5 சதுர மீற்றர் இடமும், 20 பேருக்கு ஒரு மலசலகூடமும் தேவை. 200 பேர் தங்கும் முகாமுக்கு நாளொன்றுக்கு 3000 லீற்றர், அதாவது 1000 லீற்றர் தாங்கிகள் மூன்று வேண்டும். மலசலகூடங்கள் பத்து வேண்டும். 6 மீற்றர் நீள, அகலமுள்ள வகுப்பறையில் பத்துப் பேரே வசதியாகப் படுக்கலாம். உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருக்கின்றீர்கள் என எண்ணிப் பாருங்கள். பெண்களின் மலசலகூடம் தனியானதாகவும் உட்புறம் பூட்டக்கூடியதாகவும் இரவில் வெளிச்சமுள்ளதாகவும் இருத்தல் அவசியம். இல்லாவிடின் பல பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வர்.

உடைகளைப் பொறுத்தவரை, பழைய சட்டைகள் மலையாகக் குவியும். உள்ளாடையும் மாதவிடாய்த் துவாயும் கொண்டுவருவோர் குறைவு.

வயிற்றோட்டம் கண்டவருக்குக் கொதித்தாறிய 1 லீற்றர் நீரில் ஒரு 'ஜீவனி' பைக்கற்றைக் கரைத்துக் கொடுக்கலாம். ஒரே நாளில் இருவர் மூவருக்கு ஏற்படின் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்க வேண்டும். வெள்ளத்தில் இறங்கி ஆட்களை மீட்பதும் அறுந்த மின்கம்பியை அகற்றுவதும் பயிற்சி பெற்றோரின் வேலை. பாடசாலை மாணவர் பதிவேடு எழுதலாம், தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்தலாம், சிறுவரை விளையாட வைத்துத் தாய்மாருக்குச் சற்று ஓய்வு கொடுக்கலாம்.

பயிற்சி வினா: உமது பாடசாலையில் 120 பேர் தங்கவைக்கப்பட்டுள்ளனர்.
(அ) ஒரு நாளுக்குத் தேவையான நீரின் அளவையும் மலசலகூடங்களின் எண்ணிக்கையையும் கணிக்க.
(ஆ) பதிவேட்டில் இடம்பெற வேண்டிய நான்கு விடயங்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றும் யாருக்குப் பயன்படும் என விளக்குக.