தேனீக்குக் கொடுக்கும் ஜீனியும் நாம் விற்கும் தேனும்

தேனீ வளர்ப்பவருக்கு ஜீனி விற்பவர்களும் நாம்தான். அவர் கொண்டுவரும் தேனை வாங்கி விற்பவர்களும் நாம்தான். ஆகவே தேனீப் பெட்டிக்குள் ஜீனிக் கரைசல் வைக்கும் முறையை மளிகை வணிகர்கள் அறிந்திருப்பது அவசியம். ஜீனி கொடுத்து வளர்த்தாலே போலித் தேன் என்பது தவறு. எந்த மாதம் கொடுத்தாலும் குற்றமில்லை என்பதும் தவறு.

ஏன் கொடுக்கிறார்கள்?

நமது டெல்டா நெல் விளையும் பூமி. நெற்பூவில் தேன் இல்லை. தென்னை, புங்கன், முருங்கை, சம்பா அறுவடைக்குச் சற்று முன் வயலில் தெளிக்கும் உளுந்து, பயறு, பின்னர் வரும் எள் ஆகியவையே தேனீக்கு ஆதாரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேனீ வெளியே செல்ல முடியாது. கூட்டில் இருப்பு தீர்ந்தால் கூட்டம் பட்டினியால் சாகும். அல்லது பெட்டியை விட்டே ஓடிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது நேர்ந்தது போல, பூவே இல்லாத காலமும் வரும். தேனுக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டத்திலும் மழை மாதங்களில் ஜீனி கொடுத்தே பெட்டிகளைக் காப்பாற்றுகிறார்கள்.

எப்படிக் கொடுக்க வேண்டும்?

ஒரு பங்கு ஜீனிக்கு ஒரு பங்கு தண்ணீர். சுடுதண்ணீரில் கரைத்து ஆறவைக்க வேண்டும். பலகாரத்துக்குப் போல் பாகு காய்ச்சக் கூடாது. இந்தியத் தேனீப் பெட்டி ஒன்றுக்கு வாரம் 200 கிராம் ஜீனி போதும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் ஆகா. அவை தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீ மூழ்காமல் உட்கார நாலைந்து குச்சிகளை மிதக்கவிட்டு, பெட்டிக்குள் வைப்பது எளிய முறை. அடைச் சட்டம் போன்ற வடிவில் தொட்டியும் உண்டு. மாலையில், எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும். வெளியே திறந்து வைத்தால் எறும்பு வரும், அயல் கூட்டத் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், நோயும் பரவும். 1991-92ல் தாய்லாந்து சாக்புரூட் நச்சுயிரி தென்னிந்தியாவில் ஏராளமான கூட்டங்களை அழித்ததை மறக்கக் கூடாது. மிஞ்சிப் புளித்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும்.

பூக்காலம் தொடங்கியதும் ஜீனியை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகே மேலே தேன் அறையை ஏற்றி, அதிலிருந்து மட்டும் தேன் எடுக்க வேண்டும். நேர்மையின் எல்லைக்கோடு இதுவே.

வணிகருக்கு என்ன கவலை?

தேன் அறை இருக்கும்போது ஜீனி வைத்தால் அதுவும் அடையில் சேரும். தேனீ தன் நொதியால் ஜீனியை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று பிரித்துவிடுவதால் நாக்குக்குத் தெரியாது. தண்ணீர்ச் சொட்டு, தீக்குச்சிச் சோதனைகளை நம்ப வேண்டாம். ஆனால் கரும்புச் சர்க்கரையின் கார்பன் வேறுபாட்டை ஆய்வுக்கூடம் கண்டுபிடித்துவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு தர ஆணைய விதிப்படி தேனில் அவ்வகைச் சர்க்கரை 7 சதவீதத்தையும், ஈரப்பதம் 20 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. அந்தச் சோதனையிலிருந்து தப்ப அரிசிப் பாகு கலப்பவர்களும் உண்டு. 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வு இதை நாடறியச் செய்தது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-இன்படி, சரக்கு யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத விற்பனையாளரே அதற்குப் பொறுப்பாவார். ஆகவே நம் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பத்துப் பெட்டி வைத்திருப்பவருக்கு வாரம் 2 கிலோ, எட்டு வாரத்துக்கு 16 கிலோ ஜீனி போதும். அதற்கு மேல் மூட்டையாக வாங்கினால் விசாரியுங்கள்.

2. கார்த்திகையில் ஜீனி வாங்கியவர் மாசி, பங்குனியில் தேன் கொண்டுவருவது இயல்பு. கார்த்திகையிலேயே புதுத் தேன் என்று கொண்டுவந்தால் யோசியுங்கள்.

3. எந்த ஊர், என்ன பூ, எப்போது எடுத்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

4. மொத்தமாக வாங்கும் முன் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

மழையில் பட்டினி கிடக்கும் தேனீக்கு ஜீனி கொடுப்பவர் நல்ல விவசாயி. அவரையும் கலப்படக்காரரையும் ஒன்றாக எண்ணி ஒதுக்கிவிட்டால் நஷ்டம் நமக்கும்தான். பிரித்தறிந்து வாங்கினால் நம் கடையின் பெயரும் நிலைக்கும். அவர் தொழிலும் தழைக்கும்.