பிலிகுண்டுலு கணக்கும் லினக்ஸ் செமினாரும்

லினக்ஸ் பற்றிப் பேச வாருங்கள் என்று ஒரு கல்லூரி கூப்பிடுகிறது. ஒகேனக்கல், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஐ.டி. வேலையில் இருக்கும் உங்களுக்குக் கை துறுதுறுக்கும். 1991, லினஸ் டோர்வால்ட்ஸ், கட்டற்ற மென்பொருள் என்று ஸ்லைடுகள் குவிந்துவிடும். வரலாற்றை இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்டினால் கடைசி பெஞ்ச் செல்போனுக்குப் போய்விடும். (ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். பேச்சை அங்கேயே தொடங்கலாம்.)

அடுத்து டெர்மினலைத் திறந்துவிடுங்கள். ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்தை மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. வரத்து கூடினால் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாளிதழ்களில் வந்த ஒரு மாதக் கணக்கைத் தேதி, கன அடி என இரண்டு பத்தியாக டெக்ஸ்ட் ஃபைலில் அடித்துக் கொண்டுபோங்கள். இரண்டாம் பத்தியை எண்ணாக வரிசைப்படுத்தும் ‘சார்ட்’, நடுவில் ஒரு பைப், பிறகு ‘டெயில்’: மாதத்தின் உச்ச வரத்து திரைக்கு வந்துவிடும். ‘ஆக்’ கட்டளைக்கு ஓர் அளவைக் கொடுத்து, அதைத் தாண்டிய தேதிகளை மட்டும் வடிகட்டுங்கள். அன்றைக்கெல்லாம் பரிசல் ஓடியதா என்று கேளுங்கள். அரங்கம் பேச ஆரம்பிக்கும். ஆய்வகத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த யூனிக்ஸ் கட்டளைகள் எதற்கு உதவும் என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக், டெபியனை வைத்து உருவாக்கியது அது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம். பெட்டியைக் கையில் கொடுத்த அளவுக்கு யாரும் பழக்கிக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். இப்போது இன்னொரு வாய்ப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய மடிக்கணினிகள் பலவும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. வீட்டில் சும்மா கிடக்கும் மிஷினை எடுத்துவரச் சொல்லுங்கள்.

ஆனால் அன்றைக்கு யாருடைய லேப்டாப்பிலும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பார்ட்டிஷனில் ஒரு தவறு போதும், கடைசி செமஸ்டர் புராஜெக்ட் காலி. லைவ் பென்டிரைவில் ஓட்டிக் காட்டுங்கள்; ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது. பூட் மெனுவுக்கு லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. பென்டிரைவை எடுத்துக்கொள்ளவில்லை என்றால் செக்யூர் பூட்டைப் பாருங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் போனை யூ.எஸ்.பி.யில் மாட்டி டெதரிங் போடலாம். எச்.ஓ.டி.யிடம் பேசுவதற்கு முன்பே லேப் அசிஸ்டன்ட்டிடம் பேசிவிடுங்கள்: புரொஜெக்டரில் எச்.டி.எம்.ஐ. உண்டா, வி.ஜி.ஏ. மட்டுமா என்பது அவருக்குத்தான் தெரியும். குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்து மைக் கைக்கு வரும்போது பாதி நேரம் போயிருக்கும். பேச்சை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

பேச்சு முடிந்ததும் கேள்விகள் வரும். “டேலி ஓடுமா சார்?” நேரடியாக ஓடாது. அப்படியே சொல்லுங்கள், ஆட்டோகேடுக்கும் அதே பதில். “வேலை கிடைக்குமா?” லினக்ஸ் தெரிந்தால் மட்டும் கிடைக்காது. ஆனால் சர்வர், கிளவுட் வேலைக்கான இன்டர்வியூவில் அது தெரியாமல் உட்கார முடியாது. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் பட்டியலிலிருந்து லினக்சில்தான் ஓடுகின்றன என்பதையும் போகிறபோக்கில் சொல்லலாம்.

கிளம்பும் முன் ஐ.எஸ்.ஓ. ஃபைலையும் அந்த நீர்வரத்து ஃபைலையும் ஆய்வகக் கணினியில் காப்பி செய்துவையுங்கள். கணியம் தளத்தில் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பாடங்களை அதே ஃபோல்டரில் போடுங்கள். ஆர்வமாகக் கேள்வி கேட்ட இரண்டு பேரிடம் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.