உன் கையில் இருக்கும் தாலந்து

அன்புள்ள தம்பி,

சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்குப் போக உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று படித்ததும் ஸ்தோத்திரம் சொன்னேன். கூடவே உன் தயக்கத்தையும் எழுதியிருந்தாய்: "டாக்டரும் நர்ஸும் போகிற ஆஸ்பத்திரிக் கப்பலில் எலக்ட்ரீஷியன் நான் என்ன ஊழியம் செய்துவிடப் போகிறேன், அண்ணா?"

நீ வேலை செய்யப்போகிற, மெர்சி ஷிப்ஸ் அமைப்பின் 'குளோபல் மெர்சி' கப்பல் 2023-இல் அங்கே போனது. முகத்தில் கட்டி, குடலிறக்கம், உதட்டுப்பிளவு என்று வருஷக்கணக்காகத் தவிப்பவர்களுக்கு அதில் இலவசமாக ஆபரேஷன் செய்கிறார்கள். அந்த மேசைக்கு மேலே விளக்கு அணையாமல் எரிய வேண்டுமே? சமைக்க ஆள் வேண்டும், துணி வெளுக்க ஆள் வேண்டும், ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வாத்தியார் வேண்டும். பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். விளக்கு உன் பங்கு.

கைத்தொழிலும் ஊழியமாகுமா என்றால், டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கொல்லிமலையில் மிஷனரிகளின் மகனாக வளர்ந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்பே தச்சுவேலையும் கொத்துவேலையும் பழகியவர். 1946-இல் வேலூருக்கு வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவர் எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை. தொழுநோய் கண்ட சிறுவன் ஒருவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. பையனுக்கோ வலியே தெரியவில்லை. விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. உணர்ச்சியற்ற கையில் தெரியாமல் படும் காயமே விரல்களைத் தின்கிறது என்று அவர் கண்டுகொள்ள, அந்தப் பூட்டும் ஒரு காரணம்.

மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த கைக்குப் பிழைப்பு வேண்டுமே என்று நோயாளிகளுக்குத் தச்சுவேலை கற்றுத்தர ஏற்பாடு செய்தார். அவர் வாலிபத்தில் பிடித்த உளியும் ஊழியத்துக்கு உதவியது, பார்த்தாயா? ஆனால் முதலில் அவர் செய்தது, அந்தப் பையனின் கையைக் குனிந்து பார்த்ததுதான். நீயும் போன கையோடு யோசனை சொல்லத் தொடங்காதே. கொஞ்ச நாள் பார், கேள்.

சில காரியங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரையை ஒருவேளைகூட விடாதே. அங்கே கிரியோ மொழி பேசுவார்கள். "குஷே" என்றால் வணக்கம். அதைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு. நோயாளிகளைப் போனில் படம் எடுக்காதே. கட்டியோடு நிற்கிற முகமும் ஒரு தாய் முத்தமிட்ட முகம். நம் சபை வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதற்கு உரியதல்ல.

கப்பலில் உள்ளூர் ஆட்களும் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். நீ அறிந்ததைச் சொல்லிக்கொடு, அவர் அறிந்ததைக் கேட்டுக்கொள். கப்பல் ஒருநாள் புறப்பட்டுவிடும். உன்னிடம் கற்றவர் அந்த ஊரிலேயே இருப்பார். இயேசு சொன்ன உவமையில் வருகிற தாலந்தைப் புதைக்காமல் பெருக்குவது என்றால் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

திரும்பி வந்ததும் அவர் பெயரை எனக்குச் சொல். ஞாயிறு ஆராதனையில் உன் பெயரோடு அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லி ஜெபிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்