நாவலிடம் கேட்க வேண்டிய கேள்வி



நாவல் பற்றிய விடையில் சொந்த அபிப்பிராயம் எழுதினால் புள்ளி குறையுமா என்று கல்முனைப் பகுதியிலுள்ள நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு மாணவி எழுதிய கடிதம் கேட்கிறது. சொந்த வாசிப்பு வேறு, விமர்சனம் வேறு என்ற பிழையான எண்ணம் வகுப்பறைகளில் ஊறிப்போனதன் விளைவே இவ்வினா. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிற்பது வெறும் உணர்ச்சி. அந்த உணர்ச்சியைக் கதையின் எந்த இடம் எழுப்பியது என்று பிரதிக்குள், அதாவது நூலின் எழுத்துக்குள், தேடிப் போவதே விமர்சனம்.

கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது, ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்ற தகவல்களை மனனம் செய்யக் குறிப்புப் புத்தகமே போதும். ஆனால் கல்முனைக் கரையில் வளர்ந்த மாணவியை உறுத்துவது வேறொன்று: நாயகன் எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்கிறானே, இலங்கையர் எழுதிய கதையில் இலங்கை எங்கே? இந்த ஏமாற்றத்தை விடைத்தாளில் எழுதக் கூசத் தேவையில்லை. அதைப் பின்தொடர்ந்தால், பிரித்தானியரிடம் 1882இல் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷா 1883இல் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டதும், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகி முஸ்லிம் பிள்ளைகளின் நவீன கல்விக்கு உழைத்ததும் தெரியவரும். அன்றைய இலங்கை முஸ்லிம்களுக்கு எகிப்து எட்டாத தேசமாக இருக்கவில்லை. அதன் தலைவரே கொழும்பில் குடியிருந்தார். ஆகவே கதையில் வரும் எகிப்து, கல்வியால் தலைநிமிரும் சமூகம் பற்றிய ஆசிரியரின் கனவுக்குக் கிடைத்த களம் என்று வாசிக்க வலுவான இடமுண்டு. சாகசக் கதை மோகமே காரணம் என்று இதை மறுக்கவும் மாணவிக்கு உரிமையுண்டு; மறுப்புக்கும் கதையிலிருந்தே ஆதாரம் காட்ட வேண்டும்.

விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' இதற்கு நேர்மாறான சோதனை. அக்கரைப்பற்றுச் சந்தையையும் தமிழர் முஸ்லிம் உறவு முறிந்த விதத்தையும் வட்டாரப் பேச்சிலேயே சொல்லும் அந்நாவலின் உலகம், இரு சமூகத்தாரும் அடுத்தடுத்து வாழும் நற்பிட்டிமுனையில் வளர்ந்தவருக்குப் பழக்கமானது. இந்தப் பரிச்சயம் சென்னை விமர்சகருக்கு வாய்க்காத பலம். எனினும் தெரிந்த ஊர் என்பதால் எல்லாம் உண்மையென்றோ, தன் சமூகத்தைக் குறைத்துக் காட்டியது என்பதால் எல்லாம் பொய்யென்றோ தீர்ப்பெழுதுவது வாசிப்பாகாது.

பாத்திரப் பண்புகளை நான்கு வரியில் அடக்கும் ரியூஷன் குறிப்பை வகுப்பு முழுவதும் ஒரே மாதிரி ஒப்புவிப்பது இலக்கியக் கல்வியே அல்ல. ஆதாரத்தோடு எழுதிய சொந்தக் கருத்துக்குப் புள்ளி குறைக்கும் பரீட்சகர் பிழை செய்கிறார். அடுத்த விடைக்கு முன் அக்குறிப்பை மூடிவைத்து, தன்னை உறுத்திய ஒரு பக்கத்தைத் திறந்து, அது ஏன் உறுத்தியது என்று அம்மாணவி முதலில் எழுதட்டும்.