ஒரே அறையில் இரு நிறத்தார்

அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனிலிருந்து போட்டோமாக் ஆற்றைக் கடந்து சென்றால் அலெக்சாந்திரியா என்னும் பழைய நகரம் வருகிறது. இது வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்தது. 1970-ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அங்கே கறுப்பின இளைஞர் ஒருவர் வெள்ளையரான ஒரு கடை மேலாளரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 19. அதன்பின் சில இரவுகள் நகரில் கல்வீச்சும் தீவைப்பும் நிகழ்ந்தன. அந்த இரவுகளைத் தம் வீடுகளிலிருந்து கண்ட மாணவர்கள், அடுத்த ஆண்டே ஒரே அணியாகச் சேர்ந்து விளையாட வேண்டியதாயிற்று. அது எவ்வாறு இயன்றது என்பதைப் பார்ப்போம்.

அந்தப் பகைக்கு வேர் ஆழம். நிறத்தின்படி பள்ளிகளைப் பிரிப்பது தவறு என்று 1954-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறிவிட்டது. ஆயினும் அலெக்சாந்திரியாவின் கல்வி அதிகாரி டி. சி. வில்லியம்ஸ் அதை ஏற்கவில்லை. தம் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கக் கோரி 1958-இல் வழக்கில் சேர்ந்த பள்ளிச் சமையற்கார அம்மையார் ஒருவர் வேலையை இழந்தார். பிற்பாடு ஒரு புதிய மேல்நிலைப் பள்ளிக்கு அந்த அதிகாரியின் பெயரையே சூட்டினார்கள்!

1971-இல் நகரிலிருந்த மூன்று மேல்நிலைப் பள்ளிகளின் 11, 12-ஆம் வகுப்பு மாணவர் அனைவரையும் அந்த ஒரே பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆகவே, நேற்றுவரை ஒருவரையொருவர் தோற்கடிக்கப் பாடுபட்ட மூன்று கால்பந்து அணிகள் ஒன்றாயின. நிறம் மட்டுமா சிக்கல்? ஒரே இடத்துக்கு மூன்று பேர் போட்டியிட்டார்கள்! தலைமைப் பயிற்சியாளராகக் கறுப்பினத்தவரான ஹெர்மன் பூன் நியமிக்கப்பட்டார். அந்தப் பதவி நகரில் நல்ல பெயர் பெற்றிருந்த வெள்ளையர் பில் யோஸ்டுக்கே கிடைக்கும் என்று பலர் எண்ணியிருந்தனர். யோஸ்ட் விலகிப் போயிருக்கலாம், போகவில்லை. துணைப் பயிற்சியாளராக இருக்க இசைந்தார். பூனின் துணிவைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். தனக்குரியது என்று நம்பியதை இழந்தபின், அதைப் பெற்றவர் அருகிலேயே நின்று வேலை செய்வது எளிதா?

அந்த ஆகஸ்டு மாதத்தில் பூன் அணியைப் பென்சில்வேனியாவிலுள்ள கெட்டிஸ்பர்க் கல்லூரிக்குப் பயிற்சி முகாமுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும் ஒரே அறையில் தங்குமாறு செய்தார். (நம் விடுதியில் சிநேகிதிகளைப் பிரித்துப் பிரித்துக் கட்டில் போடும் சிஸ்டரைத் தோழியர் நினைத்துக்கொள்வீர்கள்!) ஒருவன் தூங்கும்போது குறட்டை விடுகிறான், ஒருவன் வீட்டை நினைத்து வாடுகிறான் என்பதெல்லாம் கூட இருந்தால்தானே தெரியும்? கெட்டிஸ்பர்க் என்ற இடமும் பொருத்தமானதே. 1863 ஜூலையில் அடிமை முறையை ஒட்டி மூண்ட உள்நாட்டுப் போரில், அங்கே மூன்று நாட்களில் ஏறத்தாழ 51,000 வீரர்கள் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனார்கள்.

இந்த ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். அணிக்கு 11 பேர். பந்தோடு ஓடுபவனுக்கு முன்னால் சிலர் எதிரிகளை மார்பால் முட்டி வழி திறக்கிறார்கள். மக்கள் கைதட்டுவது ஓடியவனுக்குத்தான். வழி திறந்தவன் சேற்றில் கிடப்பான். முன்னே நிற்பவன் வேண்டுமென்றே ஒரு கணம் அசட்டையாக இருந்தால் ஓடுபவனின் எலும்பு முறியும். எனவே வேற்று நிறத்தவனை நம்பாமல் ஒரு ஆட்டம்கூட ஆட இயலாது. சமத்துவத்தைப் பற்றி எத்தனை சொற்பொழிவு கேட்டாலும் இந்த நம்பிக்கை வந்திராது என்பது என் எண்ணம்.

அவர்கள் அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்களிலும் வென்றார்கள். மாநில இறுதியாட்டத்தில் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியை 27-0 என்று தோற்கடித்தார்கள்.

2000-ஆம் ஆண்டில் இக்கதையை டென்சல் வாஷிங்டன் நடித்த திரைப்படமாக எடுத்தார்கள். படம் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணித் தலைவன் கெர்ரி பெர்ட்டியர் இறுதியாட்டத்துக்கு முன்பே விபத்தில் கால்கள் செயலிழந்ததுபோல் அதில் காட்டுகிறார்கள். உண்மையில் அவர் எல்லா ஆட்டங்களிலும் ஆடினார். டிசம்பரில் வெற்றி விருந்து முடிந்தபின்தான் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அப்போது ஆட்டமும் இல்லை, கைதட்டலும் இல்லை. இருந்தும் கறுப்பினத் தோழர் ஜூலியஸ் காம்ப்பெல் அவரைத் தேடி வந்தார், நட்பு நீடித்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பெர்ட்டியர் குண்டெறிதலில் பரிசுகள் பெற்றார். 1981-இல் மற்றொரு கார் விபத்தில் இறந்தார்.

ஓர் அணி நகரத்தையே குணப்படுத்திவிட்டது என்று படம் சொல்கிறது. அவ்வளவு தூரம் போக என் மனம் ஒப்பவில்லை. பூனும் மிகக் கடுமையானவர். ஆட்டக்காரரைக் கொடுமையாக நடத்துகிறார் என்ற புகார்களின் பேரில் 1979-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பிள்ளைகளைப் பிரித்து வைக்கப் பாடுபட்ட அதிகாரியின் பெயரோ பள்ளி வாசலில் அப்படியே இருந்தது. 2021-இல்தான், மாணவரும் ஊராரும் கேட்டுக்கொண்டதன் பேரில், அலெக்சாந்திரியா நகர மேல்நிலைப் பள்ளி என்று மாற்றினார்கள். டைட்டன்ஸ் என்ற அணியின் பெயரை மட்டும் மாற்றவில்லை.