கறுப்பு நீர் காக்கும் காடு

மாணவர்களே, 'ஆயர் ஹீத்தாம்' என்றதும் நெடுஞ்சாலைக்கு அருகே உள்ள பீங்கான் கடைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மலாய் மொழியில் அப்பெயருக்குக் 'கறுப்பு நீர்' என்று பொருள். ஜொகூரின் மூவார் மாவட்டத்தில் உள்ள ஒரு வனக் காப்பகத்துக்கும் இதே பெயர்தான்: ஆயர் ஹீத்தாம் உத்தாரா. அது ஒரு பீட் சதுப்புக் காடு. அத்தகைய காட்டின் நீர் ஏன் கறுத்திருக்கிறது, அந்த நீர் ஏன் வற்றக்கூடாது என்பதே இன்றைய பாடம்.

பீட் மண் உருவாவது எப்படி?

சாதாரணக் காட்டில் உதிரும் இலைகளையும் கிளைகளையும் நுண்ணுயிரிகள் விரைவில் மக்கச் செய்துவிடும். அதற்கு உயிர்வளி வேண்டும். ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கும் இடத்தில் உயிர்வளி மிகக் குறைவு. அதனால் இலையும் வேரும் மரக்கட்டையும் அரைகுறையாக மக்கி, அடுக்கடுக்காகச் சேர்கின்றன. இதுவே பீட் மண். மலாய் மொழியில் 'தானா கம்புட்' என்பார்கள்.

தேயிலை வெந்நீரில் சாயம் விடுவதுபோல, மக்கும் இலைகளும் நீரில் சாயம் விடுகின்றன. அதனால்தான் அந்த நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கிறது. அதன் pH அளவு பெரும்பாலும் 3 முதல் 4 வரை இருக்கும். அதாவது அமிலத்தன்மை கொண்டது.

ஐரோப்பாவின் குளிர்நாடுகளிலும் பீட் நிலங்கள் உண்டு. அங்கே பாசிகள் சேர்ந்து பீட் உருவாகிறது. நம் நாட்டில் மரங்களே அதை உருவாக்குகின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பீட் மண் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே வளரும். 1 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டால், 3 மீட்டர் ஆழம் சேர 3,000 ஆண்டுகள் ஆகும்.

இந்த நிலத்தில் செம்பனையோ அன்னாசியோ நட வேண்டுமானால், முதலில் கால்வாய் வெட்டி நீரை வடிக்கிறார்கள். நீர் போன இடத்தில் காற்று நுழைகிறது. அதுவரை மக்காமல் இருந்தவை மக்கத் தொடங்கி, கரியமில வாயுவாக வெளியேறுகின்றன. மண் சுருங்கி, நிலம் தாழ்கிறது. மேற்கு ஜொகூரில் நடந்த ஆய்வுகள், வடிக்கப்பட்ட பீட் நிலம் நீண்ட காலப்போக்கில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வதைக் காட்டின. 30 ஆண்டுகளில் அது 60 சென்டிமீட்டர்! 20 ஆண்டுகளில் சேர்ந்தது ஒரே ஆண்டில் போய்விடுகிறது.

நிலம் தாழத் தாழ, ஆற்று மட்டத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு குறையும். மழை வெள்ளம் எளிதில் வடியாது. கால்வாயை மேலும் ஆழமாக வெட்டினால், நிலம் மேலும் தாழும்.

தீயும் புகையும்

ஈரமான பீட் மண்ணின் கன அளவில் ஏறக்குறைய 90 விழுக்காடு நீர்தான். அது எரியாது. உலர்ந்த பீட் மண்ணோ எரிபொருள். தீ மண்ணுக்கு அடியில் புகைந்துகொண்டே பரவும். மேலே நீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது.

2013 ஜூன் 23ஆம் தேதி மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐ எட்டியது. 300ஐத் தாண்டினாலே அது அபாய நிலை. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்ராவில் பீட் நிலங்கள் எரிந்த புகை, மலாக்கா நீரிணையைக் கடந்து நம் நுரையீரலுக்கு வந்தது. தீ அங்கே, இருமல் இங்கே!

உலகின் நிலப்பரப்பில் பீட் நிலங்கள் 3 விழுக்காடுதான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமம் அவற்றில் புதைந்துள்ளது.

செய்து பார்ப்போம்

இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் துணி கட்டுங்கள். ஒன்றில் மணலையும், மற்றொன்றில் அதே அளவு உலர்ந்த தேங்காய் நார்த்தூளையும் நிரப்புங்கள். இரண்டிலும் 300 மில்லிலிட்டர் நீரை மெதுவாக ஊற்றி, கீழே வடியும் நீரை அளந்து எழுதுங்கள். பிறகு மீண்டும் அதே அளவு ஊற்றுங்கள். இரண்டாம் முறை நார்த்தூள் அவ்வளவு நீரைப் பிடித்து வைக்காது. பீட் காடும் அப்படித்தான். நிரம்பிய பின் எல்லா வெள்ளத்தையும் அது உறிஞ்சிவிடாது. ஆனாலும் மரங்களும் வேர்களும் நீரின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தும்.

காட்டுக்குச் சென்றால்

வனக் காப்பகத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும்; ஆசிரியர் வழியாகவே ஏற்பாடு செய்யுங்கள். நீரின் நிறத்தைக் கவனியுங்கள். மூச்சுவிட மண்ணுக்கு மேலே நீட்டி நிற்கும் வேர்களைத் தேடுங்கள். குடுவைத் தாவரம் கண்ணில் பட்டால், சத்துக் குறைந்த மண்ணில் அது ஏன் பூச்சிகளைப் பிடிக்கிறது என்று யோசியுங்கள். எதையும் பறிக்காதீர்கள். பாதையைவிட்டு இறங்காதீர்கள், கால் புதையும்.

சிந்திக்க

1. பீட் நிலத்தில் தீயைத் தடுக்கக் கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். இது எப்படி உதவும்?
2. வடித்த பீட் நிலத்தில் மீண்டும் மரம் நட்டால் மட்டும் போதுமா? உங்கள் காரணத்தை எழுதுங்கள்.