கம்பளச் சலவையும் காற்றின் கணக்கும்

உங்கள் வீட்டு ஜமக்காளம் அழுக்கானால் என்ன செய்வீர்கள்? சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டைமாடிக் கொடியில் போடுவீர்கள். நல்ல வெயில் அடித்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். ஆனால் தரையோடு பசை போட்டு ஒட்டப்பட்ட கம்பளத்தை என்ன செய்வது? கார்ப்பெட் என்று நாம் சொல்லும் அதைச் சுருட்டவும் முடியாது, கொடியில் போடவும் முடியாது. இருக்கும் இடத்திலேயே வெளுத்து, இருக்கும் இடத்திலேயே உலர்த்தியாக வேண்டும்.

"இதில் பௌதிகம் எங்கே வருகிறது?" என்று கேட்கிறீர்களா? நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். அதனால் நேர்ந்த ஒரு தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் குளிர்பதன வசதியுள்ள கருத்தரங்கக் கூடம் ஒன்று உண்டு. அதன் கம்பளத்தைச் சுத்தம் செய்ய விலைப்புள்ளிகள் கோரினோம். இரண்டு வந்தன. ஒன்று, நீரும் சோப்பும் கொண்டு கழுவி உறிஞ்சும் முறை. மற்றது, ஒரு வகைத் தூளைத் தூவித் துலக்கும் 'உலர் முறை'. முதலாவதன் விலை இரண்டாவதில் பாதிக்கும் குறைவு. பரிசீலனைக் குழுவில் இருந்த நான், குறைந்த விலைக்கே ஒப்புதல் கையெழுத்திட்டேன். அது நவம்பர் மாதம், அடைமழை. வேலை முடிந்ததும், மின்சாரத்தை மிச்சப்படுத்த ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னல்களையும் சாத்திவிட்டோம். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் பூஞ்சைக் காளான் நாற்றம்! கம்பளத்தில் ஆங்காங்கே பழுப்புத் திட்டுகள். கருத்தரங்கை வேறு இடத்துக்கு மாற்றினோம். வேலை செய்தவருக்குப் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. அவர் என்னிடம் வந்து, "சார், சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தேன். தண்ணீர் காயாததற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம்தான் வகுப்பில் ஒப்பு ஈரப்பதம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன்!

அன்றிரவு உட்கார்ந்து நான் போட்ட கணக்கை இப்போது நீங்களும் போட்டுப் பாருங்கள்.

காற்று எவ்வளவு நீரைத் தாங்கும்?

கூடத்தின் பரப்பு 100 சதுர மீட்டர், உயரம் 4 மீட்டர் என்று கொள்வோம். எனவே அதிலுள்ள காற்றின் பருமன் 400 கன மீட்டர். 28 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் வெளியில் ஏறத்தாழ 27 கிராம் நீராவிதான் இருக்க முடியும். அதற்கு மேல் நீர் ஆவியாகாது. இதையே தெவிட்டிய நிலை என்கிறோம். ஆக, கூடத்துக் காற்று முழுவதும் சேர்ந்து 400 × 27 = 10,800 கிராம், அதாவது 10.8 கிலோ நீராவியைத் தாங்கும்.

மழைநாளில் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், இதில் பத்தில் ஒன்பது பங்கு முன்பே நிரம்பிவிட்டது. மிச்சமிருக்கும் இடம் 1.08 கிலோவுக்கு மட்டுமே.

இனிக் கம்பளத்தைப் பார்ப்போம். கழுவி உறிஞ்சிய பின்னும் சதுர மீட்டருக்குக் கால் கிலோ நீர் தங்கியிருந்தால், 100 சதுர மீட்டரில் 25 கிலோ நீர். அந்த நீர் போக வேண்டுமானால், கூடத்துக் காற்று முழுவதையும் 25 ÷ 1.08, அதாவது சுமார் 23 தடவை வெளியேற்றிப் புதுக்காற்று நிரப்ப வேண்டும். நாங்களோ ஜன்னலைச் சாத்தினோம்!

இதுவே கோடையாக இருந்து, ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதம் மட்டும் என்றால்? காற்றில் 6.48 கிலோவுக்கு இடம் இருக்கும். நான்கு தடவை காற்று மாறினால் போதும். கூடமும் அதுவே, கம்பளமும் அதுவே. மாறியது பருவம் ஒன்றுதான்.

(வெப்பநிலை மாறவில்லை என்றும், ஒவ்வொரு முறையும் காற்று முழுமையாகத் தெவிட்டுகிறது என்றும் கொண்டு இக்கணக்கைப் போட்டோம். உண்மையில் ஆவியாதல் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று இன்னும் குறைவாகவே நீராவி தாங்கும். எனவே நிலைமை இதைவிட மோசமே.)

வெப்பக் கணக்கும் உண்டு. 1 கிலோ நீர் அறை வெப்பநிலையில் ஆவியாக ஏறத்தாழ 2,430 கிலோ ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். 25 கிலோவுக்கு 60,750 கிலோ ஜூல். மின் கட்டணக் கணக்கில் சொன்னால் சுமார் 17 யூனிட். இந்த வெப்பம் காற்றிலிருந்தும் தரையிலிருந்தும்தான் வர வேண்டும். ஏ.சி. ஓடினால் அதன் குளிர்ந்த குழாய்களில் நீராவி படிந்து வெளியே சொட்டும். காற்றின் ஈரப்பதம் குறையும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதையும் நிறுத்தினோம்.

பழுப்புத் திட்டு எங்கிருந்து வந்தது?

விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள். கம்பள இழைகளின் இடைவெளிகளும் அத்தகைய நுண்புழைகளே. மேற்புறம் காயக் காய, அடியில் உள்ள நீர் இழைகளின் வழியே மேலேறும். வரும்போது அடியில் கரைந்த அழுக்கையும் கொண்டுவரும். நுனியில் நீர் மட்டும் ஆவியாகும். அழுக்கு அங்கேயே தங்கிவிடும். கம்பளத்தின் அடித்துணி சணலாக இருந்தால், சணலின் சாயமும் சேர்ந்து வந்து பழுப்பு நிறம் காட்டும். மெதுவாகக் காயும் கம்பளத்தில் இது அதிகம். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மேல் நின்றால் பூஞ்சையும் வளரத் தொடங்கும்.

உலர் முறை என்பது என்ன?

இம்முறையில் தூவும் பொருளை ஆங்கிலத்தில் 'காம்பவுண்ட்' என்பார்கள். வேதியியலில் நீங்கள் படிக்கும் சேர்மம் அன்று இது, வெறும் கலவையே. மரத்தூள், மக்காச்சோளக் கதிரின் தக்கைத் தூள் போன்ற உறிஞ்சும் துகள்களில் சிறிது நீர், சோப்பு போன்ற அழுக்கு நீக்கி, கொஞ்சம் கரைப்பான் ஆகியவற்றை ஊறவைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரியும், பிழிந்தால் சொட்டாது. ஆகவே 'உலர்' என்பது பெயரளவில்தான். இந்த எண்ணம் புதிதும் அன்று. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தேநீர் வடித்த ஈர இலைகளைக் கம்பளத்தில் தூவி, தூசியோடு சேர்த்துப் பெருக்கி எடுத்தார்கள்.

வேலை நான்கு படிகளில் நடக்கும். முதலில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் காய்ந்த தூசியை எடுக்க வேண்டும். பிறகு தூளைத் தூவ வேண்டும். அடுத்து, உருளைத் துலக்கிகள் சுழலும் இயந்திரத்தால் தூளை இழைகளுக்குள் தேய்க்க வேண்டும். சுமார் அரைமணி கழித்து, அழுக்கை உறிஞ்சிய தூளை மறுபடி இயந்திரத்தால் இழுத்துவிட வேண்டும். அன்றே கம்பளத்தின் மேல் நடக்கலாம்.

தூள் எப்படி அழுக்கு நீரை உறிஞ்சுகிறது? தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். அழுக்கு நீக்கி சேர்ந்ததும் அது ஏறத்தாழ 0.03 ஆகக் குறைகிறது. எனவே நீர் எண்ணெய்ப் பிசுக்கை நனைத்துப் பிரிக்கிறது. அடுத்தது இழுக்கும் வேலை. நீர் நன்கு நனைக்கும் நுண்புழையில் இழுக்கும் அழுத்தம் 2T/r. இங்கே T பரப்பு இழுவிசை. R புழையின் ஆரம். இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளியின் ஆரம் 0.1 மில்லி மீட்டர் என்றால் அழுத்தம் 600 பாஸ்கல். துகளுக்குள் உள்ள துளையின் ஆரம் அதில் பத்தில் ஒன்று என்றால் 6,000 பாஸ்கல். பத்து மடங்கு! பெரிய இடைவெளியில் உள்ள நீரைச் சிறிய துளை தன்பால் இழுத்துக்கொள்கிறது. மையொற்றும் தாள் செய்வதும் இதுதான்.

இம்முறையில் சதுர மீட்டருக்கு 20 கிராம் நீர் தங்குவதாகக் கொண்டால், மொத்தம் 2 கிலோதான். அதே மழைநாளில், அதே கூடத்தில், இரண்டு தடவைக்கும் குறைவாகக் காற்று மாறினால் போதும்.

முதல் படியை விட்டுவிடக் கூடாது

கம்பளத்தில் சேரும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியுமே. அதை எடுக்காமல் ஈரம் பட்டால் சேறாகும். தூசியை உறிஞ்சி எடுக்கலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத். உணவகம் ஒன்றின் நாற்காலி மெத்தை மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சினார். கைக்குட்டையின் அடியில் தூசி படிந்திருந்தது. 1901-இல் இயந்திரம் செய்தார். அதைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே வீட்டுக்குள் விட்டுச் சுத்தம் செய்து கூலி பெற்றார். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அவருடைய இயந்திரமே. கம்பளம் சுத்தம் செய்வது ஒரு தொழிலாகி நூறாண்டுக்கு மேலாகிறது.

விலை எப்படி அமைகிறது?

இனி விலைப்புள்ளிகளுக்கு வருவோம். கீழ்வரும் தொகைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். முறையை மட்டும் கவனியுங்கள்.

உலர் முறை, 100 சதுர மீட்டர்:
தூள் 10 கிலோ, கிலோ ரூ. 300 வீதம் – ரூ. 3,000
இருவர் 4 மணி நேரம், மணிக்கு ரூ. 150 வீதம் – ரூ. 1,200
இயந்திரத் தேய்மானம், மணிக்கு ரூ. 40 வீதம் – ரூ. 160
வண்டிச் செலவு – ரூ. 500
கூட்டுத்தொகை – ரூ. 4,860
நிர்வாகமும் லாபமும் 25 சதவீதம் – ரூ. 1,215
மொத்தம் – ரூ. 6,075, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ரூ. 61.

நீர் முறை, அதே பரப்பு:
சோப்பு ரூ. 300, இருவர் 3 மணி நேரக் கூலி ரூ. 900, தேய்மானம் ரூ. 120, வண்டி ரூ. 500, ஆக ரூ. 1,820. இதனுடன் 25 சதவீதம் சேர்த்தால் ரூ. 2,275; சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ரூ. 23.

பார்த்த மாத்திரத்தில் நீர் முறைதான் மலிவு. நானும் அத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் கூடத்தின் ஒரு நாள் வாடகை ரூ. 2,000 என்றும், ஈரம் காய இரண்டு நாள் பூட்டி வைக்க வேண்டும் என்றும் கொண்டால், ரூ. 4,000 சேர்ந்து உண்மைச் செலவு ரூ. 6,275 ஆகிறது. உலர் முறையைவிட ரூ. 200 அதிகம்! இந்தத் தொகை எந்த விலைப்புள்ளியிலும் எழுதப்பட்டிருக்காது. அதைக் கணக்கிட வேண்டியவர் வேலை தருபவரே.

அதற்காக உலர் முறையே எப்போதும் சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோடை விடுமுறையில் கூடம் சும்மா கிடக்கிறது, காற்றும் உலர்ந்திருக்கிறது. அப்போது ரூ. 2,275-இல் வேலை முடியும். பாகு, பழச்சாறு கொட்டிப் பிசுபிசுக்கும் கம்பளத்துக்கும், பல காலம் கவனிக்காமல் விட்ட கம்பளத்துக்கும் நீரே வேண்டும். நீளமான இழைகளின் அடியில் தூள் தங்கிவிடுவதும் உண்டு. நல்ல இயந்திரம் இல்லையேல் அதுவே தூசியாகும்.

இழையின் தன்மையையும் கேட்டறிய வேண்டும். 65 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீத நீரை ஏற்கும். நைலான் 4 சதவீதம். பாலிபுரொப்பிலீன் ஏற்பதே இல்லை எனலாம். ஆகவே கம்பளி, சணல் அடித்துணி என்றால் நீரைக் குறைப்பது நல்லது.

இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி: சின்ன அறைக்கு மட்டும் ஏன் அதிகம் கேட்கிறார்கள்? 10 சதுர மீட்டர் அறைக்குத் தூள் ரூ. 300, கூலி ரூ. 120, தேய்மானம் ரூ. 16. ஆனால் வண்டிச் செலவு குறையாது, அதே ரூ. 500. இலாபமும் சேர்ந்து மொத்தம் ரூ. 1,170, சதுர மீட்டருக்கு ரூ. 117. இது ஏமாற்று அன்று. மாறாச் செலவின் விளைவு.

இரண்டாவது கேள்வி: ஒருவர் உலர் முறையைச் சதுர மீட்டருக்கு ரூ. 20-இல் செய்து தருவதாகச் சொன்னால்? தூளுக்கே ரூ. 30 ஆகிறதே! தூளின் அளவு குறையும். அல்லது ஒரு படி விட்டுப்போகும். இல்லையேல் தொழிலாளியின் கூலியில் கை வைக்கப்படும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ தூள் என்று கேட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டரை இருவர் ஒரு மணியில் முடிப்பார்கள் என்றால், சதுர மீட்டருக்குக் கிடைப்பது 72 விநாடி உழைப்பு. தூசி எடுத்து, தூவி, தேய்த்து, மறுபடி எடுக்க அது போதுமா? விலை மறைப்பதை நேரம் காட்டிக் கொடுக்கும்.

செய்து பாருங்கள்

தடித்த பழைய துண்டுகள் இரண்டை பிளாஸ்டிக் தாளின் மேல் விரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி காப்பி ஊற்றி அரைமணி விடுங்கள். ஒன்றைச் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பஞ்சால் ஒற்றியெடுங்கள். மற்றதில், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மரத்தூளைத் தூவித் தேய்த்து, அரைமணி கழித்துத் தட்டியெடுங்கள். எது முதலில் காய்கிறது? காய்ந்த பின் எதில் கறை மறுபடி மேலே வருகிறது? மழைநாளில் ஒரு முறையும் வெயில் நாளில் ஒரு முறையும் செய்து குறித்து வையுங்கள்.

கணக்குகள்

1. 300 கன மீட்டர் அறையில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம். தெவிட்டிய நிலையில் கன மீட்டருக்கு 30 கிராம் நீராவி. 12 கிலோ நீர் காய எத்தனை தடவை காற்று மாற வேண்டும்?
2. மேற்சொன்ன வீதங்களில் 50 சதுர மீட்டருக்கு உலர் முறைக் கட்டணம் என்ன?

விடைகள்: 1) ஏறத்தாழ 3.3 தடவை. 2) ரூ. 3,350; சதுர மீட்டருக்கு ரூ. 67.

அந்தத் தொழிலாளியின் பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழிதிக் குழுவின் முன் வைத்தேன். தவறு அவருடையது அன்று, நம்முடையது என்று ஒப்புக்கொண்டோம். அவருக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் கிடைத்தது.